சிலுவையும் நுகத்தடியும்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகள் கல்விப்பணி ஆற்றிய நம் சங்கத்தின் வெள்ளி விழாவில், "கிறித்தவ வாழ்வில் துன்பமும் ஆன்மப் போராட்டமும்" என்னும் பொருள்பற்றிப் பேசப் பணிக்கப்பட்டுள்ளோம். இப்பொருளை எடுத்துக்கொள்வோர் பெரும்பாலும் பொறுமையைப் போதித்து முடிப்பர். நம் மக்களுக்குப் பொறுமையைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. எத்துன்பத்தைப் பொறுத்துக்கொள்வது, எதனை எதிர்த்து நிற்பது எனப் பிரித்தறியும் அறிவே இன்று நமக்கு வேண்டுவது.

சிலுவை வேறு, நுகத்தடி வேறு. சிலுவை, விசுவாசத்தின் பொருட்டு நாமே விரும்பிச் சுமப்பது. நுகத்தடி, பிறர் தம் நலனுக்காக நம் கழுத்தில் பூட்டுவது. நுகத்தடிகளை முறிப்பதே தேவன் விரும்பும் உபவாசம் என்று ஏசாயா தீர்க்கதரிசி உரைத்துள்ளார். நுகத்தடியைக் காட்டி, "இதுவே உன் சிலுவை, சுமந்துகொள்" என்று கூறுவோர் திருமறையை அறியாதவர்கள்.

நம் முன்னோரின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம். 1830-ஆம் ஆண்டில் இலண்டன் மிஷனைச் சார்ந்த ஆடிஸ் ஐயர் கோயம்புத்தூரில் ஊழியத்தைத் தொடங்கினார். பின்னர் ஈரோட்டில் அதே மிஷனும், கரூர், தாராபுரம் வட்டாரங்களில் வெசுலியன் மெதடிஸ்டு மிஷனும் பணியாற்றின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பகுதிகளில் நம் மக்கள் குடும்பம் குடும்பமாகத் திருமுழுக்குப் பெற்றனர். அவர்களுட் பலர் தோட்டங்களில் பண்ணையாட்களாய் உழைத்தவர்கள். கவலைக் கிணற்றின் தோற்பறியைத் தைத்தும் செப்பனிட்டும் தந்தவர்கள். பயிருக்கு நீர் பாய உதவிய அக்கைகளுக்கு ஊர்க் கிணற்றில் நீர் மொள்ள உரிமையில்லை. தேவனுடைய சமுகத்தில் தாமும் பிள்ளைகளே என்ற செய்தி அவர்களைத் தலைநிமிரச் செய்தது.

ஆயினும் சாதி திருச்சபையின் வாயிலோடு நின்றுவிடவில்லை. 1846-இல் கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டவர் மரியோன் தெ பிரெசியாக். சாதியை ஒட்டிய வழக்கங்களுக்குச் சபையில் இடந்தருவது முறையா என்ற கேள்வி அவர் மனச்சான்றை இடைவிடாது வருத்தியது. 1855-இல் அவர் கோவைப் பொறுப்பினின்றும் விலகினார். ஓர் ஆயரையே அலைக்கழித்த அக்கேள்விக்கு முழு விடை இன்னும் கிடைத்திலது. தமிழ்நாட்டில் சில இடங்களில் கல்லறைத் தோட்டங்களிலும் பிரிவினை தொடர்வதை நாம் அறிவோம்.

சட்டமும் நம் தோளில் ஒரு சுமையை ஏற்றியது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து சமயத்தவரை மட்டுமே தாழ்த்தப்பட்ட சாதியினராக ஏற்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டனர், கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் நாம் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளோம். தாராபுரம், அவிநாசி, வால்பாறை போன்ற தனித் தொகுதிகளில் நாம் வேட்பாளராக நிற்க இயலாது. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் நமக்கில்லை. வசை பாடுவோன் நம் சமயத்தை விசாரித்து வசை பாடுவதில்லை. சட்டம் மட்டும் விசாரிக்கிறது.

இங்கேதான் நம் இளைஞரின் ஆன்மப் போராட்டம் தொடங்குகிறது. ஆலயத்தில் ஒரு பெயர், சான்றிதழில் வேறொரு பெயர் என்று வாழும் குடும்பங்கள் உண்டு. அவர்களைப் பழித்தல் எளிது. ஆனால் பசியறியாதவன் பசித்தவனைப் பழிக்கலாகாது. "ஆண்டவரே, உம்மைப் பின்பற்றியதற்கு இதுவோ கைம்மாறு?" என்று இரவில் கேட்கும் இளைஞனை அவிசுவாசி என்று தள்ளிவிடவும் வேண்டா. யோபுவும் கேட்டான். தேவன் கடிந்துகொண்டது, துன்பத்திற்கு எளிதாக விளக்கம் சொன்ன அவனுடைய நண்பர்களையே. யாக்கோபு விடியுமளவும் போராடி, ஆசி பெற்ற பின்னும் நொண்டி நடந்தான். போராடுதல் விசுவாசமின்மையன்று.

பவுல் அப்போஸ்தலரைப் பாருங்கள். தம் உடலில் தைத்த முள்ளை நீக்குமாறு மும்முறை வேண்டினார், நீங்கவில்லை, கிருபையை நம்பித் தாங்கிக்கொண்டார். ஆனால் பிலிப்பி நகரில் விசாரணையின்றி அடித்துச் சிறையிலிட்டவர்கள் மறுநாள் இரகசியமாக விடுவிக்க முற்பட்டபோது, அவர் இணங்கவில்லை. உரோமக் குடியுரிமையை எடுத்துக்காட்டி, அதிகாரிகளே நேரில் வந்து அழைத்துச் செல்ல வேண்டும் என்றார். முள்ளைப் பொறுத்தவரே உரிமையையும் கேட்டார். இரண்டும் ஒரே விசுவாசத்தின் இரு செயல்கள்.

நம் நாட்டிலும் அவ்வாறு கேட்டவர் உண்டு. சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்த சூசை என்னும் கிறித்தவத் தொழிலாளி, பிற தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாக வழங்கிய சிறு கடை, தமக்குச் சமயத்தின் காரணமாக மறுக்கப்பட்டது கண்டு உச்சநீதிமன்றம் சென்றார். 1985-இல் வழக்குத் தள்ளுபடியாயிற்று. மதம் மாறிய பின்னரும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று முன்வைக்கப்படவில்லை என்று நீதிமன்றம் கூறியது. நாள்தோறும் நாம் பட்ட பாட்டிற்குச் சான்று இல்லையாம்! பட்டவர் நாம், எழுதி வைத்தவர் எவருமிலர்.

அதன் பின்னர் நிலை சற்று அசைந்துள்ளது. 2007-இல் இரங்கநாத் மிஸ்ரா ஆணையம் சமய வேறுபாட்டை நீக்கப் பரிந்துரைத்தது. 2022-இல் மத்திய அரசு கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஓர் ஆணையத்தை அமைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் நம் கோரிக்கையை ஆதரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது.

இளைஞர்களே! நம் சங்கம் உங்களுக்குக் கல்வி அளித்தது வேலைக்காக மட்டுமன்று. உங்கள் ஊரின் தேநீர்க் கடையில், கல்லறையில், ஆலய நிருவாகத்தில் நிகழ்வதை ஆண்டும் நாளும் குறித்து எழுதுங்கள். முதியோரின் நினைவுகளைப் பதிவு செய்யுங்கள். சட்டம் பயிலுங்கள். மாநில அரசு மதம் மாறிய ஆதிதிராவிடருக்கும் வழங்கும் கல்வி உதவித்தொகையை அறியாத குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். செபத்தையும் மனுவையும் ஒரே கையால் எழுதலாம்.

நோயும் இழப்பும் வறுமையும் வரும்போது கர்த்தரின் தோளில் சாய்ந்து தாங்குவோம். மனிதர் பூட்டிய நுகத்தடியை, பகையின்றி, ஆனால் ஓய்வுமின்றி, கழற்றி வைப்போம். நம் முன்னோர் திருமுழுக்குத் தொட்டியருகே நிமிர்த்திய தலை நம் காலத்தில் குனியாதிருப்பதாக.