நாள் பார்ப்பதும் பிள்ளையைப் பார்ப்பதும்



பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் வைப்பதென்றால் முதலில் என்ன செய்கின்றோம்? நாள் பார்க்கின்றோம், நட்சத்திரம் பார்க்கின்றோம், விஜயதசமிக்குக் காத்திருக்கின்றோம். ஆனால், அப்பிள்ளைக்குக் கண் தெரிகின்றதா, காது கேட்கின்றதா, உடம்பில் இரத்தம் இருக்கின்றதா என்று பார்க்கின்றவர்கள் நம்மில் எத்தனை பேர்? பிறகு பிள்ளைக்குப் படிப்பு வரவில்லையென்றால் உபாத்தியாயர் மக்கு என்கிறார். தகப்பன் தலையெழுத்து என்கிறான். பாட்டி தாயத்துக் கட்டுகிறாள். பலகையில் எழுதிய எழுத்தே தெரியாத பிள்ளைக்குத் தலையில் எழுதிய எழுத்தைக் காரணம் சொல்லுவதைவிட அறியாமை வேறுண்டா?

கண்ணமங்கலத்தில் பட்டு நெய்கின்ற உங்களுக்கு நாம் அதிகம் விளக்க வேண்டியதில்லை. பாவில் அறுந்த இழையைப் பார்த்து முடிந்த பிறகுதானே நெய்கின்றீர்கள்? சேலைக்குச் செய்யும் பரிசோதனையைச் சொந்தப் பிள்ளைக்குச் செய்யலாகாதா?

"நன்றாய் ஓடியாடும் பிள்ளைக்குப் பரிசோதனை எதற்கு?" என்பார்கள். ஒரு கண் மாத்திரம் மங்கலாயிருந்தால் அது பிள்ளைக்கே தெரியாது. மற்றொரு கண் வேலையைச் செய்துவிடும். மூளையும் மங்கிய கண்ணை நாளடைவில் தள்ளிவைத்துவிடும். ஏழு வயதுக்குள் கண்டால் கண்ணாடி போட்டும், நல்ல கண்ணைத் தினம் சில மணி நேரம் மூடிவைத்தும் பெரும்பாலும் சரிப்படுத்தலாம். நாள் செல்லச் செல்ல அது கடினம். வயிற்றில் கொக்கிப்புழு இரத்தத்தைக் குடிக்க, சோர்ந்து தூங்கும் பிள்ளையைச் சோம்பேறியென்று அடிப்பதில் என்ன நியாயம்?

சீமையில் போயர் யுத்தத்திற்கு (1899-1902) ஆள் எடுத்தபோது, அநேக வாலிபர்கள் உடற்தகுதியற்றவர்களாய்த் தள்ளப்பட்டார்கள். அதைக் கண்டு விழித்தவர்கள், 1907-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு வைத்தியப் பரிசோதனை செய்யச் சட்டம் செய்தார்கள். நம் நாட்டில் 2013-இல் ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய காரியக்கிரமம் என்று ஒரு திட்டம் வந்தது. பெயர் நம் வாயில் நுழையாவிட்டாலும் வேலை நல்ல வேலையே. அதன்படி வைத்தியர்கள் ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கும், ஒருமுறை சர்க்கார் பள்ளிகளுக்கும், சர்க்கார் உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்து பார்க்க வேண்டும். 18 வயது வரை பரிசோதனையும் மேல் சிகிச்சையும் இலவசம்.

ஆனால், வைத்தியர் எழுதிக் கொடுத்த சீட்டை எரவாணத்தில் செருகிவிட்டால் என்ன பயன்? ஒரு நாள் தறி நின்றால் கூலி போகுமென்பது மெய்தான். பிள்ளையின் கண் போனால் எத்தனை நாள் கூலி அதற்கு ஈடாகும்? பெண்ணாயிருந்தால், கண்ணாடி போட்டால் கலியாணம் ஆகாதென்று மறைக்கின்றவர்களும் உண்டு. மாப்பிள்ளைக்காகப் பெண்ணைக் குருடாக்குவது எந்த ஊர் மானம்?

ஆகவே தோழர்களே! வைத்தியர் வரும் தேதியைப் பள்ளிக்கூடத்தில் கேளுங்கள். அன்று பிள்ளையை அவசியம் அனுப்புங்கள். சொன்ன ஆஸ்பத்திரிக்குத் தாமதமின்றிக் கூட்டிச் செல்லுங்கள். அந்தத் தேதிக்கு இராகுகாலம் பார்க்க வேண்டாமென்று மாத்திரம் கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்ளுகின்றோம்.