கூலியில் பிடிப்பது யாருக்குப் போகிறது?

(கன்னிவாடிக் கூட்டத்தில் பேசியது)



களை வெட்டப் போகும் ஒரு தாய், கூட்டம் தொடங்குமுன் எங்களிடம் ஒரு காகிதத்தை நீட்டினார். திண்டுக்கல் பக்கம் ஒரு பஞ்சாலைக்கு வேனில் போய்வரும் மகளின் சம்பளச் சீட்டு. "பத்தாயிரம்னு சொன்னாங்க. கைக்கு ஏழாயிரத்துச் சொச்சந்தான் வருது. இம்புட்டும் கவர்மெண்டு வரியா?" என்று கேட்டார்.

வரியே இல்லை, அம்மா! இந்தச் சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. தொழில் வரி என்று ஒன்று உண்டு. அது அரையாண்டுக்கு ஒரு முறை உள்ளாட்சிக்குப் போவது. இந்தச் சீட்டில் அதுவும் இல்லை.

பிறகு என்ன பிடித்தார்கள்? அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 10,000 ரூபாய். அதில் பிராவிடண்ட் பண்டுக்கு நூற்றுக்கு 12 வீதம் 1,200. இது அந்தப் பெண்ணின் சேமிப்பு. இ.எஸ்.ஐ.க்கு நூற்றுக்கு முக்கால் வீதம் 75 ரூபாய். இது அவளுக்கும் குடும்பத்துக்கும் வைத்தியத்துக்கு. 1948-லும் 1952-லும் வந்த சட்டங்கள் இந்த ஏற்பாட்டைச் செய்தன. இதோடு முதலாளியும் தன் கையிலிருந்து போட வேண்டும். பி.எப்.புக்கு அதே 1,200. அதில் 833 பென்ஷனுக்கும் 367 அவள் கணக்குக்கும் போகும். இ.எஸ்.ஐ.க்கு 325.

இப்போது சீட்டின் மூன்றாவது வரியைப் பாருங்கள். "பி.எப். நிர்வாகப் பங்கு 1,200". அதாவது முதலாளி போட வேண்டியதையும் மகளின் கூலியிலேயே கழித்துவிட்டார்கள்! இதைச் சட்டம் அனுமதிக்கவில்லை. பார்க்க வரி மாதிரியே இருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு திருட்டும் உண்டு. கூலியில் பிடிப்பார்கள், கட்ட மாட்டார்கள். இந்த மாதப் பிடித்தத்தை அடுத்த மாதம் 15-ந் தேதிக்குள் கட்டியாக வேண்டும். ஒவ்வொருவருக்கும் 12 இலக்கத்தில் யு.ஏ.என். எண் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கிப் பாஸ்புக்கைப் பாருங்கள். ஆலை ஆபீசில் எண் தர மறுத்தால் அங்கேயே சந்தேகப்படலாம்.

சாப்பாடு, விடுதி என்று வேறு பிடித்தங்களும் வரும். எல்லாம் சேர்ந்தும் கூலியில் பாதியைத் தாண்டக் கூடாது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த ஊதியத் தொகுப்பிலும் இந்த வரம்பு இருக்கிறது. (அந்தத் தொகுப்புகளை நாம் எதிர்ப்பது தனிப் பேச்சு.)

வயலில் கூலி வாங்கும் தோழர்களுக்குச் சீட்டே இல்லை. பிடித்தம் இல்லையே என்று மகிழ முடியுமா? மிராசுதார் போடும் பங்கும் இல்லையே! கிழடானால் மண்வெட்டிதான் மிச்சம்.

அந்தத் தாயின் சீட்டை நகல் எடுத்திருக்கிறோம். பி.எப். அலுவலகத்துக்கு மனு எழுதப்போகிறோம். இதே மூன்றாவது வரி உங்கள் சீட்டிலும் இருந்தால் கூட்டம் முடிந்ததும் மேடைக்குக் கொண்டு வாருங்கள். தனி மனுவைவிட இருபது பேர் மனு நல்லது.