கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரமா?

(விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நடந்த பொதுக்கூட்டங்களில் பேசியதன் சாரம்)



சுயமரியாதைக் கூட்டமென்றால் சாமியைப் பற்றியும் சாதியைப் பற்றியுமே பேசுவார்கள் என்று எண்ணி வந்திருப்பீர்கள். நான் இன்று கண்ணைப் பற்றிப் பேசப் போகிறேன். ஆனால் பேசி முடிப்பதற்குள் சாமியும் சாதியும் தாமாகவே இதில் வந்து சேருவதைக் காண்பீர்கள்.

கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரமா என்று நம் ஜனங்கள் கேட்பதுண்டு. அந்தப் பழமொழிக்கென்றே ஏற்பட்டது போன்ற ஒரு வியாதி இருக்கிறது. கண் நீர் அழுத்த நோய் என்று அதற்குப் பெயர். டாக்டர்கள் கிளாக்கோமா என்பார்கள். நம் கண்ணுக்குள் ஒரு நீர் ஓயாமல் ஊறிக்கொண்டும், ஒரு வடிகால் வழியாக வெளியேறிக்கொண்டும் இருக்கிறது. அந்த வடிகால் கெட்டுப் போனால், மதகு அடைபட்ட ஏரியைப் போல் நீர் தேங்கி அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தம், கண்ணிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்பைச் சிறுகச் சிறுகச் சாகடித்து விடுகிறது.

இதில் பெரிய மோசம் என்னவென்றால், பெரும்பாலோருக்கு வலியே இருப்பதில்லை. முதலில் ஓரப் பார்வை போகிறது. நடுப் பார்வை கடைசி வரையில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் எழுத்துப் பலகையைக் காட்டினால் பிள்ளை தடங்கலின்றிப் படித்து விடுவான். கண்ணில் குறையில்லை என்று நாமும் இருந்து விடுவோம். கண்புரையானால் ஆப்பரேஷன் செய்து பார்வையைத் திரும்பப் பெறலாம். இதில் செத்த நரம்பு செத்ததுதான். கண் தானத்தால் கருவிழியை மாற்றலாமே தவிர, இந்த நரம்பை மாற்ற இன்றுவரை வழியில்லை. மருந்தும், லேசரும், ஆப்பரேஷனும் மிச்சமிருக்கும் பார்வையைத்தான் காப்பாற்றும்.

2001 முதல் சில ஆண்டுகள் சென்னையிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் 40 வயதுக்கு மேற்பட்டவர்களைச் சங்கர நேத்ராலயா டாக்டர்கள் பரிசோதித்தார்கள். இந்நோய் கண்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல், தமக்கு நோய் இருப்பதையே அறியாதிருந்தார்கள்!

இது வயதானவர்கள் சங்கதிதானே என்று வாலிபர்கள் நினைக்க வேண்டாம். இது பிறந்த குழந்தைக்கும் வருகிறது. குழந்தையின் கண் வர வரப் பெரிதாகும், கருவிழி மங்கும், நீர் வடியும், வெளிச்சத்தைக் கண்டால் குழந்தை முகத்தை மூடிக்கொள்ளும். நாமோ, எவ்வளவு அழகான பெரிய கண் என்று மெச்சி, திருஷ்டிப் பொட்டு வைத்து, மிளகாய் சுற்றிப் போடுகிறோம். உடனே ஆப்பரேஷன் செய்ய வேண்டிய நாட்கள் இப்படியே கழிந்து விடுகின்றன.

இது ஏன் வருகிறது? முன் ஜென்ம வினை என்பார்கள். விஞ்ஞானம் வேறு காரணம் சொல்லுகிறது. பெற்றோர் இருவரிடமும் ஒரே குறை வெளியே தெரியாமல் மறைந்திருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து உண்டு. ஒரே பாட்டன் வழி வந்தவர்களிடம் அந்தக் குறை சேர்ந்திருக்க இடம் அதிகம். தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும், அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் முடிச்சுப் போடும் வீடெல்லாம் இப்படியாகும் என்று நான் சொல்லவில்லை. ஆபத்து கூடுகிறது என்கிறேன். சொத்து வெளியே போகக்கூடாது, சாதி கலக்கக்கூடாது என்று நாம் கட்டிய வேலி குழந்தையின் கண்ணைக் குத்துகிறதா இல்லையா?

இரண்டாவது, சொட்டு மருந்து. வெயில் காலத்தில் பிள்ளைகளுக்குக் கண் சிவந்து அரிக்கிறது. மருந்துக் கடையில் கேட்டு ஒரு புட்டி வாங்கி விடுகிறோம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் அரிப்பு உடனே அடங்கும். கைகண்ட மருந்து என்று மாதக்கணக்கில் விட்டால், சிலருக்குக் கண் அழுத்தம் ஏறி, பதினைந்து வயதிலேயே பார்வை போய்விடும். டாக்டர் சீட்டில்லாமல் இதை விற்கக்கூடாதென்று சட்டமே இருக்கிறது. டாக்டர் கொடுத்திருந்தால் அவர் சொன்ன நாள் வரைதான் விடவேண்டும். பழைய சீட்டைக் காட்டி மறுபடி வாங்கக் கூடாது.

மூன்றாவது, அடி. கிட்டிப்புள்ளோ, பந்தோ, பட்டாசோ கண்ணில் பட்டால், வலி தீர்ந்த பிறகு மறந்து விடுகிறோம். பல வருஷம் கழித்து அதனாலும் அழுத்தம் ஏறலாம். தாய், தகப்பன், உடன்பிறந்தார் யாருக்காவது இந்நோய் இருந்தாலும் வாலிபத்திலேயே சோதித்துக்கொள்ள வேண்டும்.

இனிச் சாமியிடம் வருவோம். கண்ணில் கோளாறென்றால் அம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் செய்து போடுகிறார்கள். மேல்மலையனூர் அமாவாசைக்குக் கைக்குழந்தையோடு இரவெல்லாம் கண்விழிக்கப் பணமும் நேரமும் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு ஒரு பகல் போக நேரமில்லையா? கல்லுக்குக் கண்ணைப் பிடுங்கி அப்பியவனை நாயனாராக்கி, கோயிலுக்குக் கோயில் நிறுத்திக் கும்பிடுகிற நாடு, தன் பிள்ளையின் கண்ணை ஒருமுறை பரிசோதித்துப் பார்க்க யோசிக்கலாமா? வேண்டுதலால் வியாதி தீராததோடு நிற்கவில்லை. வியாதி தீருவதற்கிருந்த காலத்தையும் அது தின்று விடுகிறது. இந்நோயில் காலம் போனால் பார்வை போயிற்று.

வைத்தியம் நமக்கு எட்டாத தூரத்தில் இல்லை. 1819-லேயே சென்னையில் கண் ஆஸ்பத்திரி ஏற்பட்டது. எழும்பூரில் சர்க்கார் ஆஸ்பத்திரியாக அது இன்றும் நடக்கிறது. நம் முண்டியம்பாக்கத்தில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. புதுச்சேரி தவளக்குப்பத்தில் 2003 முதல் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி நடக்கிறது. விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் காலையில் பஸ் ஏறினால் மாலையில் வீடு திரும்பலாம். அங்கே போனால் கண்ணாடிக்குச் சோதித்ததோடு திரும்பி விடாதீர்கள். "கண் அழுத்தத்தையும் நரம்பையும் பாருங்கள்" என்று நீங்களே கேளுங்கள். அழுத்தம் சரியாக இருந்தும் நரம்பு கெடுவதுண்டு. ஆகையால் இரண்டையும் பார்க்க வேண்டும்.

நான் சொன்னேன் என்பதற்காக இதை நம்ப வேண்டியதில்லை. கண் டாக்டரிடம் போய்க் கேட்டுப் பாருங்கள். உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் செய்யுங்கள். ஆனால் பிள்ளைக்குப் பார்வை இருக்கும்போதே கேளுங்கள்.