கப்பல் போன பிறகு
(பரிசளிப்பு விழாவில் தாதி ஒருவர் ஆற்றிய உரை)



நான் ஒரு தாதி. நம்ம தோட்டத்துப் பேச்சில் சொன்னால் 'மிஸ்ஸி'. சேவையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கடல் கண்ணுக்கே தெரியாத இந்தத் தானா ராத்தா மலையில் நின்றுகொண்டு, ஒரு கப்பலின் கதையைச் சொல்லப் போகிறேன்.

அமெரிக்காவில் வில்லியம் வால்ஷ் என்று ஒரு டாக்டர். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் பணியாற்றியவர். பசிபிக் வட்டாரத்தில் ஏழை மக்கள் வைத்தியம் இல்லாமல் படும் பாட்டைக் கண்ணால் கண்டவர். சும்மா நிற்கும் போர்க்கால மருத்துவக் கப்பல் ஒன்றைச் சேவைக்குத் தரலாமே என்று 1958-இல் அதிபர் ஐசனோவரிடம் யோசனை சொன்னார். கப்பல் கிடைத்தது. 'ஹோப்', அதாவது 'நம்பிக்கை' என்று பெயர் வைத்தார்கள். 1960-இல் அதன் முதல் பயணம் நமது பக்கத்து நாடான இந்தோனேசியாவுக்கு. 1968-இல் இலங்கைக்கு வந்தது. 1974-இல் ஓய்வு பெறும்வரை மொத்தம் 11 பயணங்கள்.

அறுவைச் சிகிச்சைக் கூடம், எக்ஸ்ரே, எல்லாம் கப்பலுக்குள்ளேயே. பிள்ளைகளே, கேளுங்கள்! கடல் தண்ணீரை நன்னீராக்கி, அதில் பால் மாவைக் கலந்து பால் தரும் ஓர் இயந்திரமும் இருந்தது. 'இரும்புப் பசு' என்று அதற்குப் பட்டப்பெயர்! டாக்டர்கள் சொந்தத் தொழிலை விட்டுவிட்டு, சம்பளம் வாங்காமல், ஆளுக்கு இரண்டு மாதம் போல முறைவைத்து வந்து உழைத்தார்கள்.

இங்கே ஒரு கேள்வி. கப்பல் என்றைக்காவது போய்விடும். போன பிறகு தையல் பிரிப்பது யார்? மறுபடி காய்ச்சல் வந்தால் பார்ப்பது யார்? இதற்கு அவர்கள் கண்ட வழிதான் பெரிது. வந்த டாக்டர் பக்கத்தில் உள்ளூர் டாக்டர், வந்த தாதி பக்கத்தில் உள்ளூர் தாதி. கூடவே நின்று வேலை செய்து, தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்தார்கள். கப்பல் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு போனாலும், கற்ற கை ஊரிலேயே தங்கியது.

இன்றும் அப்படிப்பட்ட கப்பல்கள் உண்டு. 1978-இல் தொடங்கிய 'மெர்சி ஷிப்ஸ்' நிறுவனத்தின் கப்பல்கள் ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் நின்று, கண்புரை, உதட்டுப் பிளவு போன்றவற்றுக்கு இலவசமாக அறுவைச் சிகிச்சை செய்கின்றன. தொண்டர்கள் கைக்காசு போட்டுச் சேவை செய்கிறார்கள். டாக்டருக்குப் படிச்சாத்தான் அங்கே இடமா? இல்லை. தாதி வேண்டும், சமையல்காரர் வேண்டும், மின்சாரம் பார்ப்பவர் வேண்டும், கப்பலில் உள்ள பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஆசிரியரும் வேண்டும்.

நம் நாட்டிலும் பாருங்கள். சரவாக்கில் சாலை எட்டாத நீண்டவீடுகளுக்கு 1973 முதல் டாக்டரும் தாதியும் ஹெலிகாப்டரில் போகத் தொடங்கினார்கள். வழி இல்லாத இடத்துக்கு வைத்தியம் தானே தேடிப் போக வேண்டும் என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

தாதி வேலையில் நான் கண்ட உண்மை ஒன்று. நோயாளிக்கு நோயைவிடப் பயம் பெரிது. 'என்னை என்ன செய்யப் போறாங்க?' என்று புரியாமல் படுத்திருப்பதுதான் அந்தப் பயம். அவருக்குத் தெரிந்த மொழியில் நாலு வார்த்தை சொன்னால் பாதித் தெம்பு வந்துவிடும். மாணவச் செல்வங்களே, அதற்குக் கப்பல் ஏற வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மருந்து உறையில் மலாயில் எழுதியிருப்பது புரியாது. எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று படித்துச் சொல்லுங்கள். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும் தேதியை ஞாபகப்படுத்துங்கள். தொண்டு அங்கேதான் தொடங்குகிறது.

பெற்றோரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். 'பொம்பளப் பிள்ளை, படிச்சது போதும்' என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள். அறிவியல் பாடத்தில் ஆர்வமுள்ள பிள்ளையை, ஆணோ பெண்ணோ, படிக்க விடுங்கள். எங்கிருந்தோ ஒருவர் வந்து நம்மைக் காப்பாற்ற வேண்டும் என்று காத்திருப்பதைவிட, காப்பாற்றத் தெரிந்த பிள்ளை நம் வீட்டிலேயே இருப்பது மேல் அல்லவா?

பரிசு பெறும் அனைவருக்கும் என் வாழ்த்துகள்.