திருகோணமலையில் மூன்று நாட்கள்



சொந்த நாட்டைச் சுற்றிப் பார்ப்பதற்கு வழிகாட்டி ஒருவரை அமர்த்துவது வீண்செலவு என்பது என் நெடுநாளைய கொள்கை. என் மனைவியார் இதற்கு உடன்படாதவர். "நாற்பது வருடமாக உங்கள் வழிகாட்டலிலே போய், நடை சாத்திய கோயில்களையே கண்டு வந்தோம். இந்த முறையாவது வழி தெரிந்த ஒருவரோடு போவோம்" என்றார். அவர் கூறியதில் உண்மை இருந்தபடியால் நான் மறுமொழி சொல்லவில்லை. சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கொழும்பிலிருந்து இரவுப் புகையிரதத்தில் ஏறி, விடியற்காலையில் திருகோணமலையில் இறங்கினோம்.

நிலையத்தில் எங்களை எதிர்கொண்ட வழிகாட்டி அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்தவர். ஐம்பது வயது மதிக்கலாம். நான் முதலில் கேட்டது திமிங்கிலத்தைப் பற்றி. மகாவலி கங்கை வந்து கலக்கின்ற கொட்டியாரக் குடாவின் அடியிலே ஆழமான கடற்பள்ளத்தாக்கு ஒன்று கரையை அண்டித் தொடங்குகிறது. அதனாலேதான் பெரிய திமிங்கிலங்கள் இங்கே நிலத்துக்கு இவ்வளவு சமீபமாக வருகின்றன. இதைப் படித்துவிட்டு நான் ஆவலோடு போயிருந்தேன். அவரோ, "ஐயா, மார்ச்சு, ஏப்பிரல்தான் அதற்கு நல்ல மாதங்கள். இப்போது படகில் ஏற்றி உங்கள் பணத்தை வாங்கலாம், திமிங்கிலத்தைக் காட்டுவேன் என்று சொல்ல முடியாது" என்றார். தொழிலுக்கு ஒவ்வாத இந்தப் பேச்சு எனக்கு வியப்பையும் சிறிது ஏமாற்றத்தையும் தந்தது.

கோட்டை வாயிலில் நுழையும்போது கல்லிலே செதுக்கிய இரு கயல்களை அவர் காட்டினார். 1622 ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்தனர். இடித்த கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டினர். பின்னர் அது ஒல்லாந்தர் கைக்கும், 1795 இல் ஆங்கிலேயர் கைக்கும் மாறியது. இவையெல்லாம் பாடசாலையிலே படித்தவைதாம். எனினும், ஆலயத்துக்குப் போகும் வழியே கோட்டையின் வழியாகவும், கோட்டையின் சுவரே ஆலயத்தின் கல்லாகவும் இருப்பதை நேரிலே கண்டபோது, நாங்கள் இருவரும் சிறிது நேரம் பேசாமல் நடந்தோம். புதைந்து கிடந்த தெய்வத் திருவுருவங்கள் 1950 இல் கிணறு தோண்டும்போது வெளிப்பட்டன. 1956 இல் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் சுவாமிமலையின் அடியிலே கடலுள் மூழ்கி, பழைய ஆலயத்தின் தூண்களையும் கற்களையும் கண்டனர். 1963 இல் புதிய ஆலயத்துக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. இராவணன் வெட்டின் விளிம்பிலே நின்று கீழே நோக்கினால் கடல் கருநீலமாகத் தெரிகின்றது.

திரும்பி வரும்போதுதான் நான் அந்தத் தவற்றைச் செய்தேன். கோட்டைக்குள்ளே மரநிழல்களில் புள்ளிமான்கள் வீட்டு ஆடுகளைப் போலத் திரிகின்றன. என் கையிலே பொலித்தீன் பையொன்றில் வாழைப்பழம் இருந்தது. ஒரு மானுக்கு ஒரு பழத்தை நீட்டினேன். அது பழத்தை விட்டுப் பையைப் பற்றி இழுத்தது. நான் சிரித்துக்கொண்டே பையை விட்டுவிட்டேன். மான் அதை மெல்லத் தொடங்கியது. வழிகாட்டி ஓடிவந்து, ஒரு கையால் அதன் கழுத்தை அணைத்து, மறு கையால் வாயிலிருந்து பையை உருவி எடுத்தார். இறந்த மான்களின் வயிற்றைப் பிளந்து பார்த்தால் இந்தப் பைகள் பந்து பந்தாகக் கிடக்கும் என்று சொன்னார். என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. பையை மடித்துத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். என் மனைவியார் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே வருணிக்கப் போவதில்லை.

மறுநாட் காலையில் நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் படகேறினோம். கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரம். 2003 இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட இத்தீவின் கரையிலே மணலிலும் பார்க்க உடைந்த முருகைக்கற்களே மிகுதி. கண்ணாடி அணிந்து நீருள் முகத்தை அமிழ்த்தினால், அரைக்கோளங்களாகவும் மான்கொம்புகளாகவும் உயிருள்ள முருகை தெரியும். கருஞ்சுட்டிச் சிறகுடைய சிறு சுறாக்கள் நம்மைக் கண்டு விலகிப் போகும். களைத்துப்போய்க் கால் ஊன்ற இடம் தேடியபோது, "அது கல்லல்ல ஐயா, மிதந்துகொண்டே இருங்கள்" என்ற குரல் கேட்டது. எங்களைச் சுற்றிப் பலர் அக்'கல்'லின் மேலே நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

பிற்பகலில் கன்னியா. தாயாரின் அந்தியேட்டிக்காக இராவணன் வாளால் ஊன்றித் தோற்றுவித்தவை என்று கர்ணபரம்பரை கூறும் ஏழு கிணறுகளும் ஒன்றையொன்று ஒட்டியிருந்தும் ஒவ்வொன்றும் வெவ்வேறு சூடு. வாளியால் அள்ளி ஊற்றிக்கொண்டதில் என் முழங்கால் நோவு அன்றிரவு தணிந்திருந்தது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

அன்று மாலை துறைமுகத்தின் கரையிலே அமர்ந்திருந்தபோது வழிகாட்டி, எதிர்க்கரையில் மூதூர்ப் பக்கத்தைக் காட்டி, றொபேட் நொக்சின் கதையைச் சொன்னார். புயலிலே பாய்மரம் முறிந்த கப்பலைச் செப்பனிடக் கொட்டியாரத்துக்கு வந்த அந்த இளைஞரை 1660 இல் கண்டி அரசனின் ஆட்கள் பிடித்துக்கொண்டுபோனார்கள். 1679 இல் தப்பியோடும்வரை அவர் நாட்டின் நடுவே சிறையிருந்தார். இலங்கையை அவரளவுக்கு நுணுக்கமாகப் பார்த்து எழுதிய வெளிநாட்டார் சிலரே. "வழிகாட்டி இல்லாமல் வந்தவர், பத்தொன்பது வருடம் தங்கிவிட்டார்" என்று என் மனைவியார் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மூன்றாம் நாள் ஹபறணை வழியாகத் திரும்பவேண்டும். வழியிலே கவுடுல்ல தேசிய பூங்காவில் யானை பார்ப்பதென்று ஏற்பாடு. மழையற்ற இம்மாதங்களில் மகாசேனன் கட்டிய மின்னேரியாக் குளமும் அயலிலுள்ள கவுடுல்லக் குளமும் வற்ற வற்ற, நீர் விலகிய சேற்றிலே இளம்புல் முளைக்கும். அதை நாடிச் சுற்றுக் காடுகளிலுள்ள யானைகள் நூற்றுக்கணக்கில் ஒன்றுகூடும். 2018 இல் மொரகஹகந்த நீர்த்தேக்கம் திறக்கப்பட்ட பின்னர், சில ஆண்டுகளில் கோடையிலும் மின்னேரியாவில் நீர்மட்டம் உயர்ந்தே நின்று புல்லை மூழ்கடித்துவிடுகிறதாம். "வயலுக்குத் தண்ணீர் வேண்டும், யானைக்குத் தண்ணீர் வற்றவேண்டும். யார் பக்கம் பேசுவது?" என்று அவர் கேட்டார். காட்டிலே புல் இல்லாவிட்டால் யானை வயலுக்கு வரும். அண்மைக் காலத்தில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான யானைகளும் நூற்றுக்கு மேற்பட்ட மனிதர்களும் அவ்வாறான மோதலிலே மடிகின்றனர்.

வெளியிலே நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. தூரத்தில் ஒரு கூட்டம். அதை அரைவட்டமாக வளைத்துப் பத்துப் பன்னிரண்டு ஜீப்புகள் நின்றன. எங்கள் வழிகாட்டி சாரதியிடம் ஏதோ சொல்ல, வண்டி முந்நூறு யார் இப்பாலே நின்றது, இயந்திரமும் ஓய்ந்தது.

நான் கோபங்கொண்டேன். "இவ்வளவு செலவு செய்து வந்தது புள்ளிகளைப் பார்க்கவா? மற்றவர்களெல்லாம் அருகே போகிறார்களே!" என்றேன். கூட்டத்தின் முன்னே நின்ற பெட்டை யானை காதுகளை விரித்துத் தலையை உயர்த்தியது. மற்றவை குட்டிகளை நடுவே தள்ளி நெருங்கி நின்றன. வண்டிகள் மேலும் நகர, மேய்ச்சலை விட்டுக் கூட்டம் முழுவதும் காட்டோரத்துக்கு ஒதுங்கத் தொடங்கியது.

"ஐயா, நீங்கள் நாளைக்குக் கொழும்பிலே இருப்பீர்கள். நான் நாளைக்கும் இதே யானைகளிடம் வரவேண்டும்" என்றார் அவர், தாழ்ந்த குரலில்.

"இஞ்சாருங்கோ, பேசாமல் இருங்கள்" என்றார் என் மனைவியார். அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

ஜீப்புகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. எங்களைக் கடந்துபோன ஒரு வண்டியிலிருந்தவர்கள், ஓரமாக நின்ற எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்களின் தூசி அடங்கி அரைமணி நேரம் சென்றிருக்கும். காட்டோரத்திலிருந்து யானைகள் மீண்டும் புல்வெளிக்கு இறங்கின. முன்னிலும் அருகே வரவில்லை, அதே தூரந்தான். ஆனால் அவை மேய்ந்தன. புல்லைக் காலால் தட்டிப் பெயர்த்து, மண்ணை உதறி வாயிலிடும் அந்தச் செயலை நான் அன்றுதான் ஆறுதலாக இருந்து பார்த்தேன். ஒரு குட்டி தாயின் வயிற்றின் கீழே புகுந்து மறுபுறம் வெளிவந்தது. பூங்கா மூடும் வேளை வந்ததென்று சாரதி சொல்லும்வரை நாங்கள் ஒருவரோடொருவர் பேசவில்லை.

வீடு திரும்பிய பின்னர், நான் எடுத்த ஒரேயொரு படத்தை என் பேத்திக்குக் காட்டினேன். பச்சை வெளியிலே சாம்பல் நிறப் பொட்டுக்கள். "அப்பப்பா, இதிலே கல் எது, யானை எது?" என்று அவள் கேட்டாள். என் மனைவியார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பொட்டாக விரல் வைத்து எண்ணிக் காட்டினார். குட்டிகளோடு சேர்த்து முப்பத்தேழு.