மழையும் பாதையும்

(தோட்டக் கிளையின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

சீதோஷ்ண நிலையும் போக்குவரத்து வசதியும் ஒரு மாநிலத்தின் பொருளாதாரத்தை எவ்வாறு உருவாக்குகின்றன என்பதே இன்று நமக்கு அளிக்கப்பட்ட தலைப்பு. தலைப்பைக் கேட்டதும், "இது பெரிய படிப்புப் படித்தவர்கள் பேச வேண்டிய விஷயமாயிற்றே, நமக்கு எதற்கு?" என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் சிரித்தார். ஐயா, விடியுமுன் எழுந்து கதவைத் திறந்ததும் முதலில் வானத்தைப் பார்ப்பவர் யார்? பால் வாளியைத் தூக்கிக்கொண்டு செம்மண் சாலையில் சறுக்கி விழுபவர் யார்? நாமல்லவா! அப்படியானால் இதைப் பேச நம்மைவிடத் தகுதியுள்ளவர் எவர்?

கிராணிமார்களாகிய நாங்கள் நாள்தோறும் இரண்டு புத்தகங்களில் எழுதுகிறோம். ஒன்று செக்ரோல். யார் வேலைக்கு வந்தார், எத்தனை கிலோ பால் கொண்டுவந்தார் என்பது அதில் இருக்கும். மற்றொன்று மழைப் புத்தகம். ஆபீசுக்கு முன்னால் புல்தரையில் நட்டிருக்கும் கருவியைக் காலையில் பார்த்து, எத்தனை மில்லிமீட்டர் மழை என்று அதில் குறிக்கிறோம். முன்பிருந்தவர்கள் அங்குலக் கணக்கில் எழுதிய பழைய புத்தகங்கள் அலமாரியில் கரையான் அரித்துக் கிடக்கின்றன. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் போதும், இன்றைய தலைப்பு தானாக விளங்கும்.

முதலில் மழையைப் பார்ப்போம். எவ்வளவு பெய்கிறது என்பதைவிட எப்போது பெய்கிறது என்பதே நமக்கு முக்கியம். ரப்பர் மரத்துக்கு ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்குக் குறையாத மழை பரவலாகப் பெய்ய வேண்டும். இரவில் மரம் நீரை உறிஞ்சுவதால் பட்டைக்குள் அழுத்தம் கூடிவிடும். விடியற்காலையில் வெட்டினால் பால் நன்றாக ஓடுவது அதனால்தான். வெயில் ஏறினால் இலைகளின் வழியே நீர் போய் அழுத்தம் தணிகிறது, பாலும் நின்றுவிடுகிறது. பட்டை நனைந்திருந்தாலோ, பால் வெட்டுக் கோட்டை விட்டு வழிந்து மரமெல்லாம் பரவும், மங்குக்கு வராது. வெட்டிய பிறகு மழை கொட்டினால் மங்கில் இருப்பதும் தண்ணீரோடு போய்விடும். ஈரப் பட்டையில் வெட்டினால் பூஞ்சைக் காளான் நோய் பிடிக்கும். ஆகவே பிற்பகலில் பெய்யும் மழை மரத்துக்கு உணவு. விடியலில் பெய்யும் மழையோ நம் சோற்றில் மண்.

இப்போது நாட்டின் படத்தை மனத்தில் கொள்ளுங்கள். நடுவே தித்திவங்சா மலைத்தொடர். அதன் மேற்கே பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான். அப்பால் கடலைக் கடந்தால் சுமத்ரா தீவு. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் தீவு என்று இரண்டுக்கும் இடையில் மேற்குக் கரை அடக்கமாக இருக்கிறது. இங்கே பெருமழை பெரும்பாலும் ஏப்ரல், அக்டோபர் மாதங்களை ஒட்டிப் பிற்பகலில் பெய்கிறது. காலை நமக்கு மிச்சம். நடுவருடத்தில் விடியுமுன் சீறிவரும் சுமத்ராக் காற்று மட்டும் நமக்குப் பகை. அதை இங்கே யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. கிழக்கே கிளந்தான், திரங்கானு, பகாங் கரைகளிலோ நவம்பர் முதல் வடகிழக்குப் பருவக்காற்று. நாள் கணக்கில் விடாத மழை, கொந்தளிக்கும் கடல், படகுகளைக் கரையேற்றிவிட்டு உட்கார்ந்திருக்கும் மீனவர்கள். ஆற்று முகத்துவாரங்களில் மணல் திட்டு வேறு. அந்தக் காலத்தில் கடல் வழியே அங்குச் சரக்கு கொண்டுபோவதும் கொண்டுவருவதும் அந்த மாதங்களில் அரிதாகிவிடும்.

ஆக, இயற்கை மேற்குக் கரைக்குச் சலுகை காட்டியது உண்மைதான். ஆனால் இயற்கை மட்டும் மாநிலத்தை வளர்த்துவிடாது. வழியும் வேண்டும்.

அந்த வழியைத் திறந்தது ஈயம். நாட்டின் முதல் இருப்புப் பாதை 1885 ஆம் ஆண்டில் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை, ஏறத்தாழ எட்டு மைல் தூரம் திறக்கப்பட்டது. போர்ட் வெல்ட் என்பதுதான் இன்றைய குவாலா செபெத்தாங். அதை அமைக்க இலங்கையிலிருந்து பயனியர் படையினர் வரவழைக்கப்பட்டனர். நாட்டிலேயே மழை மிகுந்த ஊர்களில் ஒன்று தைப்பிங். அந்தச் சேற்றில் மண்வெட்டி பிடித்தவர்களின் பாடு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 1886 இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரைக்கும், 1891 இல் சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கும் ரயில் ஓடியது. எல்லாம் சுரங்கத்திலிருந்து கடலுக்குப் போகும் குட்டைப் பாதைகள். பின்னர் அவற்றை ஒன்றோடொன்று இணைத்தார்கள். 1903 இல் பிறையிலிருந்து சிரம்பான் வரையிலும், 1909 இல் ஜொகூர் பாரு வரையிலும் பாதை நீண்டது.

இந்த ஆண்டுகளைக் கவனியுங்கள். கோலாகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டது 1877 இல். ஆனால் மோட்டார் வாகனம் பெருகி, ரப்பர் விலை வானத்துக்கு ஏறியது 1910 ஐ ஒட்டித்தான். அதற்குள் மேற்குக் கரையில் ரயில் தயாராக நின்றது. அந்த முதல் பாதைகள் ரப்பருக்காகப் போட்டவை அல்ல. ரப்பர்தான் ரயிலைத் தேடிப் போயிற்று. தோட்டங்கள் பாதையை ஒட்டி எழுந்தன. தோட்டங்களுக்குப் பின்னால் பட்டணங்கள், ஆஸ்பத்திரிகள், பள்ளிக்கூடங்கள் வந்தன. நம் பாட்டன் பூட்டன்மார் கப்பலிலிருந்து இறங்கி எந்தத் தோட்டத்துக்குப் போனார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் ஏதாவது ஒரு ரயில் நிலையத்தின் பெயரைச் சொல்வார்கள்.

பாதை போட்டால் மட்டும் போதாது, சீதோஷ்ணம் பழிவாங்கும் என்பதற்கும் சான்று உண்டு. கிள்ளான் ஆற்று முகத்தில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் 1901 இல் திறக்கப்பட்டது. சதுப்பு நிலத்தில் கட்டிய துறைமுகம்! திறந்த சில மாதங்களிலேயே மலேரியாக் காய்ச்சலில் கொத்துக் கொத்தாக ஆட்கள் விழுந்தார்கள். கட்டிய துறைமுகத்தை மூடிவிடலாமா என்று பேசுமளவுக்கு நிலைமை முற்றியது. கிள்ளானில் இருந்த டாக்டர் மால்கம் வாட்சன், சதுப்பைத் தூர்த்து, வடிகால் வெட்டி, கொசு பெருகும் இடங்களை ஒழிக்கச் செய்தார். காய்ச்சல் தணிந்தது. துறைமுகம் பிழைத்தது. 1972 இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறிய அந்தத் துறைமுகம்தான் இன்று நாட்டிலேயே பெரியது. பாதைக்குச் செலவிட்டவர்கள் தொழிலாளியின் உயிருக்கும் வடிகால் வெட்டியிருந்தால், அந்த முதல் மாதங்களின் சாவுகள் நேர்ந்திருக்குமா?

கிழக்குக் கரையின் கதை வேறு. கெமாசிலிருந்து தும்பாட் வரை காடு, மலை, ஆறு எல்லாம் கடந்து ரயில் போய்ச் சேர்ந்தது 1931 இல். மேற்கே முதல் ரயில் ஓடி நாற்பத்தாறு ஆண்டுகள் கழித்து! அதுவும் எந்த நேரத்தில்? உலக மந்தத்தில் ரப்பர் விலை பாதாளத்துக்கு விழுந்து, நம் மக்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த நேரத்தில். பன்னிரண்டு ஆண்டுகூட நிலைக்கவில்லை. ஜப்பானியர் 1943 இல் அந்தப் பாதையில் ஒரு பெரும் பகுதியைப் பெயர்த்தெடுத்து, சயாம் பர்மா ரயிலுக்குக் கொண்டுபோனார்கள். தண்டவாளத்தைக் கிளந்தான் பக்கத்திலிருந்து எடுத்தார்கள்; அதைத் தூக்கிப் போட ஆட்களை நம் தோட்டங்களிலிருந்து பிடித்தார்கள். போனவர்களில் பல்லாயிரவர் திரும்பி வரவில்லை. பெயர்த்த பாதை மீண்டும் 1953 இல்தான் சீரானது.

வடக்கே பேராக்கையும் கிளந்தானையும் நேராக இணைக்கும் கெரிக் - ஜெலி நெடுஞ்சாலை திறந்தது 1982 இல். அதுவரை பினாங்கிலிருந்து கோத்தா பாருவுக்கு மோட்டாரில் போக, நாட்டையே சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் தாய்லாந்து வழியே போக வேண்டும். அப்புறமும் மழை விட்டதா? 2014 டிசம்பர் வெள்ளத்தில் கெமுபு ரயில் பாலம் அடித்துக்கொண்டு போயிற்று. உள்ளூர்க் கிராமங்கள் பல மாதம் திண்டாடின. வீட்டு வருமானக் கணக்கில் கிளந்தான் கடைசி வரிசையில் நிற்பதற்கு இது ஒன்றே காரணம் என்று நாம் சொல்லவில்லை. அரசியலும் உண்டு, நிர்வாகமும் உண்டு. ஆனால் அங்குள்ளவர்கள் சோம்பேறிகள் என்று காப்பிக்கடையில் பேசுகிறார்களே, அது மட்டும் பொய்.

இனி நம் தோட்டத்துக்கு வருவோம். மாநிலத்துக்கு உள்ள நியாயம் நம் இரண்டு மைல் செம்மண் சாலைக்கும் உண்டு.

சென்ற அக்டோபரில் ஒரு நாள். இரவெல்லாம் மழை, விடியலில் விட்டது. பெரட்டில் பேர் கூப்பிட்டு, பட்டை காய்ந்ததும் எல்லாரும் நிரைக்குப் போனார்கள். நல்ல பால். ஆனால் ஓடைமேல் இருந்த பலகைப் பாலம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. பால் லாரி அக்கரையில் நின்றது, பால் இக்கரையில் நின்றது. பகல் ஒரு மணிக்கு வண்டி வந்தபோது பாதிக்கு மேல் உறைந்து போயிற்று. அன்றைய பாலைக் கட்டிப்பால் என்று குறைந்த கணக்கில் எழுதச் சொன்னார்கள். எழுதிய கை யாருடையது? கிராணிமார்களாகிய எங்களுடையதுதான். மறைப்பதற்கில்லை. மழைப் புத்தகத்தில் 71 மில்லிமீட்டர் என்று எழுதிய அதே பேனாவால் எழுதினோம்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. பாலம் சாய்ந்தது யார் குற்றம்? வெட்டியவர் குற்றமா? மழைக்குச் சம்பளம் கொடுப்பவர் யார் என்பதே கேள்வி. 1955 ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 16 ஆம் பிரிவு, நாள் கணக்கில் கூலி பெறும் தோட்டத் தொழிலாளிக்கு மாதத்தில் 24 நாளுக்குக் குறையாமல் வேலை தர வேண்டும், தராவிட்டால் அந்நாட்களுக்குக் கூலி தர வேண்டும் என்று விதித்தது. நிபந்தனைகளும் அதில் உண்டு. செயலாளர் படித்துச் சொல்வார். மழையின் நட்டம் முழுவதையும் தொழிலாளி தலையில் கட்டக்கூடாது என்பது அதன் சாரம். ஆனால் வேலை கொடுத்துவிட்டு, பாதை கொடுக்காமல், பாலைக் கெடவிட்டால் அதற்கு என்ன பதில்? சட்டத்தில் தேடினோம், நேரடியான பதில் கிடைக்கவில்லை. செம்பனைக்கு மாறிய தோட்டங்களிலும் இதே தொல்லைதான். வெட்டிய குலை ஒரு நாளைக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயின் தரம் கெடும். குறை வெட்டியவர் பேரில் வரும்.

ஆறு மாதத்துக்கு மழைப் புத்தகத்தையும் செக்ரோலையும் ஒப்பிட்டுக் கிளை சார்பில் ஒரு பட்டியல் தயாரித்துக் கொடுத்தோம். எந்தெந்த நாளில் வழி கெட்டு லாரி தாமதித்தது, எத்தனை கிலோ தரம் குறைந்தது என்பதெல்லாம் அதில் இருந்தது. நிர்வாகம் முதலில் முகம் சுளித்தது. பிறகு ஓடையில் சிமெண்டுக் குழாய் போட்டுப் பாலத்தை உயர்த்தினார்கள். அதற்கு நன்றி சொல்கிறோம். குறைந்த கூலி மட்டும் இன்னும் வரவில்லை.

அடுத்த பேச்சுவார்த்தை வருகிற மாதம். ஆபீஸ் மழைப் புத்தகம் காலையில் ஒருமுறைதான் அளக்கிறது. எத்தனை மணிக்குப் பெய்தது என்று அது சொல்லாது. ஆகவே வெட்டுக்காட்டில் இருப்பவர்கள் மழை பிடித்த மணியையும் விட்ட மணியையும், லாரி வந்த மணியையும் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து, சனிக்கிழமை மாலையில் செயலாளரிடம் கொடுங்கள். எழுத நேரமில்லாதவர்கள் பால் நிறுக்கும்போது வாயால் சொன்னால் போதும், நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.