பொறந்த வீட்டுக் குளமும் புகுந்த வீட்டு வாய்க்காலும்

(புதுச்சேரியில் நடந்த நம் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், பாகூர் பகுதி உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மேடைப் பேச்சு புதுசு. பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன். "உங்க குழுவுல கூட்டம் முடிஞ்சதும் கதை சொல்றீங்களாமே, அதைப் பத்திப் பேசு"ன்னு கூட்டமைப்பு அக்கா போன்ல சொன்னாங்க. "அதுல பேச என்னக்கா இருக்கு?"ன்னு கேட்டேன். "எப்படி ஆரம்பிச்சீங்களோ, அதையே சொல்லு"ன்னுட்டாங்க. அதனால நடந்ததை நடந்த மாதிரியே சொல்றேன்.

முதல்ல என் தப்பைச் சொல்லிடறேன். அதுலேருந்துதான் இது ஆரம்பிச்சது.

எங்க குழுவுல 12 பேர். நான் பிரதிநிதி. பஞ்ச சூத்திரம் நமக்கெல்லாம் மனப்பாடம். வாரக் கூட்டம், சேமிப்பு, உள்கடன், தவணை தவறாம கட்டுறது, கணக்கு ஒழுங்கா எழுதுறது. ஒருத்தர் தவணை விட்டா அடுத்த வங்கிக் கடன் எல்லாருக்குமே சிக்கலாகலாம்னும் தெரியும். ஒரு தங்கச்சி மூணு தவணை கட்டலை. நான் ஒரு சாயங்காலம் அவங்க வாசல்ல போய் நின்னு, "வாங்கத் தெரிஞ்சுதே, கட்டத் தெரியாதா?"ன்னு சத்தம் போட்டுட்டேன். தெருவே பார்த்துச்சு. அவங்க ரெண்டு பிள்ளைகளும் கதவுக்குப் பின்னால நின்னு பார்த்துச்சுங்க.

அடுத்த வாரம் அவங்க வரலை. பாஸ்புக்கை மட்டும் பிள்ளை கையில குடுத்து அனுப்பியிருந்தாங்க. அதுக்கப்புறம் கூட்டம்னா வர்றது, கையெழுத்துப் போடுறது, போறது, அவ்வளவுதான். ஒரு வாரம் அஞ்சே பேர் வந்தாங்க. பத்து வருஷமா ஒரே பாயில உட்கார்ந்து பழகினவங்க நாங்க. யார் பேர்ல எவ்வளவு பாக்கின்னு எனக்குத் தலைகீழாத் தெரியும். ஆனா அந்தத் தங்கச்சி வீட்டுல என்ன கஷ்டம்னு தெரியாது. கேட்டதே இல்லை.

அந்தக் கோடையில ஒரு நாள் ராத்திரி கரண்ட் இல்லை. எல்லாரும் திண்ணையில உட்கார்ந்திருந்தோம். "உங்கள் ஊர் நீர்நிலை பற்றி எழுதுக"ன்னு என் பொண்ணுக்குப் பள்ளிக்கூடத்துல குடுத்திருந்தாங்க. அவ பாட்டிகிட்ட கேட்டா. என் மாமியார் பங்காரி, சிங்காரி கதையைச் சொன்னாங்க.

பாகூர் பக்கத்துக்காரங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும். மத்தவங்களுக்காகச் சொல்றேன். பாகூர் ஏரி நம்ம புதுச்சேரியில ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி. பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம்னு சொல்றது அந்த ஏரியாலதான். ஏரிக்குத் தண்ணி தென்பெண்ணை ஆத்துலேருந்து, சொர்ணாவூர் அணைக்கட்டு வழியா வருது. வர்ற வாய்க்காலுக்குப் பேர் பங்காரு வாய்க்கால். பங்காரி, சிங்காரின்னு அக்கா தங்கச்சி ரெண்டு பேர். அவங்க தங்களோட பொன்னையும் பொருளையும் செலவு பண்ணி ஊருக்குத் தண்ணி கொண்டு வந்தாங்கன்னு கதை. வாய்க்காலுக்கு அந்தப் பேரே அவங்களாலதான்னு சொல்லுவாங்க.

இதைச் சொல்லிட்டு மாமியார் குரலைத் தாழ்த்தி, "அவங்க தாசிங்க. அதை நோட்டுல எழுதாதே"ன்னாங்க.

"தாசின்னா என்ன பாட்டி?"ன்னு பொண்ணு கேட்டா. மாமியார் பதில் சொல்லலை. நானும் சொல்லலை. எனக்கு அந்த இருட்டுல எங்க அம்மா சொன்ன இன்னொரு கதை ஞாபகம் வந்துச்சு.

எனக்குப் பொறந்த வீடு முத்திரையர்பாளையம். எங்க ஊர்க் கதை ஆயி கதை. ஆயியும் ஒரு தாசி. விஜயநகர ராஜா காலம். ராஜாவே வந்தார்னு சிலர் சொல்வாங்க, ராஜாவோட பெரிய அதிகாரின்னு சிலர் சொல்வாங்க. அந்தி நேரத்துல அந்த வழியா வந்தவர், விளக்கு ஏத்தி ஜொலிச்ச ஒரு மாளிகையைக் கோயில்னு நினைச்சுக் கும்பிட்டுட்டார். அது ஆயி வீடுன்னு பக்கத்துல இருந்தவங்க சொன்னதும் அவருக்கு அவமானமாப் போச்சு. வீட்டை இடின்னு உத்தரவு போட்டார். ஆயி, "என் வீட்டை நானே இடிக்கிறேன், அந்த இடத்துல குளம் வெட்டுறேன்"னு கேட்டுக்கிட்டா. அப்படியே வெட்டினா.

பிறகு பிரெஞ்சுக்காரங்க காலத்துல இந்தப் புதுச்சேரி டவுனுக்கு நல்ல குடிதண்ணி இல்லாமப் போச்சு. முத்திரையர்பாளையத்துலேருந்துதான் வாய்க்கால் வெட்டி டவுனுக்குத் தண்ணி கொண்டு வந்தாங்க. பிரான்சுல மூணாம் நெப்போலியன் ஆட்சி நடந்த காலம் அது. அந்தத் தண்ணியோட ஞாபகமா டவுன் நடுவுல வெள்ளையா ஒரு மண்டபம் எழுப்பி, ஆயி பேரை வச்சாங்க. இன்னைக்கு பாரதி பூங்காவுல, கவர்னர் மாளிகைக்கு எதிரே நிக்குதே, அதுதான். நம்ம அரசாங்கத்தோட சின்னத்துல இருக்கிறதும் அந்த மண்டபம்தான். சாதிச் சான்றிதழ் வாங்கினா அதுல இருக்கு, அரசாங்கக் கடிதம் வந்தா அதுல இருக்கு. நாம எத்தனை தடவை பார்த்திருப்போம்! அது யார் வீடு இடிஞ்ச கதைன்னு எத்தனை பேர் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்போம்?

எங்க அம்மா இந்தக் கதையை முடிக்கும்போது ஒண்ணு சொல்வாங்க. "கும்பிட்டப்போ அதே விளக்குதான், அதே வீடுதான். யார் வீடுன்னு தெரிஞ்சதும்தானே இடிக்கச் சொன்னான்."

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. பத்து வருஷம் அந்தத் தங்கச்சி ஒழுங்கா தவணை கட்டினப்போ, "அவளைப் பாரு, எப்படிக் கட்டுறா"ன்னு கூட்டத்துல நானே பெருமையாச் சொல்லியிருக்கேன். மூணு மாசம் கட்டலைன்னதும் அதே வாசல்ல போய் நின்னு அவ மானத்தை இடிச்சது நான்தான்.

மறுநாள் போனேன். என்ன பேசுறதுன்னு தெரியலை. "தப்பு பண்ணிட்டேன்மா, பிள்ளைங்க எதிர்ல அப்படிப் பேசியிருக்கக் கூடாது"ன்னு மட்டும் சொன்னேன். ரொம்ப நேரம் அவங்க வாயே திறக்கலை. அப்புறம் டீ போட்டுக் குடுத்தாங்க. வீட்டுக்காரர் கால் ஒடிஞ்சு கிடந்ததும், வெளியில வட்டிக்கு வாங்கினதும் அப்பத்தான் தெரிஞ்சுது. அவங்க கூட்டத்துக்குத் திரும்பி வர இன்னும் ஆறு வாரம் ஆச்சு. கடனைச் சின்னத் தவணையாப் பிரிச்சு 14 மாசத்துல கட்டி முடிச்சாங்க. ஒரு கதை கேட்டதும் எல்லாம் சரியாயிடுச்சுன்னு நான் சொல்ல வரலை. இன்னொரு உறுப்பினர் அந்த நேரத்துல விலகிப் போனவங்க, இன்னும் திரும்ப வரலை. அந்த வருத்தம் எனக்கு இருக்கு.

அதுக்கப்புறம்தான் கூட்டம் முடிஞ்சதும் கால் மணி நேரம் ஒருத்தர் ஒரு கதை சொல்றதுன்னு வச்சுக்கிட்டோம். மூணே கட்டுப்பாடு. ஒண்ணு, கதை நம்ம ஊர்க் கதையா இருக்கணும், இல்லேன்னா நம்ம வீட்டுக் கதையா இருக்கணும். டி.வி. சீரியல் கதை வேண்டாம். ரெண்டு, இன்னொருத்தர் மானம் போற கதை கூடாது. மூணு, கேட்டது கூட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது, சொன்னவங்க சம்மதிச்சா மட்டும் நோட்டுல எழுதணும்.

நோட்டு எப்படி வந்துச்சுன்னு சொல்றேன். எங்க குழு ஒரு தடவை டவுனைச் சுத்திப் பார்க்க வந்தோம். ஆயி மண்டபத்தைப் பார்த்தோம். பெரிய மார்க்கெட் பக்கம் வந்தப்போ, கூட வந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருத்தர் ஆனந்தரங்கப் பிள்ளையைப் பத்திச் சொன்னார். துய்ப்ளே கவர்னரா இருந்தப்போ துபாசியா இருந்தவர். 1736ல ஆரம்பிச்சு 1761ல சாகிற வரைக்கும், 25 வருஷம், நாட்குறிப்பு எழுதியிருக்கார், தமிழ்ல. கப்பல் வந்தது, சண்டை நடந்தது, புயல் அடிச்சது, யாரு யாரை என்ன சொன்னாங்க, எல்லாம் எழுதியிருக்கார். அந்தக் காலத்துப் புதுச்சேரியை இன்னைக்கு நாம தெரிஞ்சுக்க அந்த எழுத்து பெரிய துணை.

அதைக் கேட்டதும் எங்க குழு அக்கா ஒருத்தர், "நம்ம தீர்மான நோட்டும்தான் பத்து வருஷமா இருக்கு. அதுல தொகையைத் தவிர என்ன இருக்கு?"ன்னு கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சோம், ஆனா யோசிச்சோம். ஊருக்குத் திரும்பினதும் ஒரு நீள நோட்டு வாங்கினோம். கணக்கு நோட்டு வேற, கதை நோட்டு வேற.

அந்த நோட்டுல என்னென்ன இருக்குன்னு கேட்டா, நாத்து நடும்போது பாடின பாட்டு எந்த வயல்ல பாடினதுன்னு இருக்கு. வாய்க்கால்ல எந்த மதகை எப்போ திறப்பாங்கன்னு ஒரு பாட்டி சொன்னது இருக்கு. பிரெஞ்சுக்காரங்க போனப்போ ஊர்ல என்ன நடந்துச்சுன்னு தன் அப்பா சொன்னதை ஒரு பெரியம்மா சொன்னது இருக்கு. பாகூர்ச் செப்பேடு பத்தியும் இருக்கு. பல்லவர் காலத்துல, நிருபதுங்கவர்மன் ஆட்சியில, பாகூர்ல இருந்த வித்தியாஸ்தானத்துக்கு, அதாவது கல்விச் சாலைக்கு, மூணு ஊரை மானியமாக் குடுத்த சாசனம் அது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. பத்தாவதோட நின்னவன்னு கூனிக்குறுகி நிக்கிற நான், அப்படிப்பட்ட ஊர்ல வாழ்க்கைப்பட்டிருக்கேன்னு தெரிஞ்சப்போ, திறந்தவெளிப் பள்ளியில பன்னிரண்டாவது எழுதலாமான்னு ஒரு ஆசை வந்துச்சு. இந்த வருஷம் பணம் கட்டப் போறேன். பாஸ் பண்ணினா அடுத்த விழாவுல சொல்றேன்.

ஒண்ணு கவனமா வச்சுக்கிறோம். செப்பேட்டுல இருக்கிறது சாசனம். பங்காரி, சிங்காரி, ஆயி கதையெல்லாம் வாய்வழியா வந்தது. ரெண்டையும் கலந்து எழுத மாட்டோம். "சொல்லக் கேட்டது"ன்னு மேலேயே எழுதிடுவோம். ஆனா, வாய்வழிக் கதைன்னு ஒதுக்கவும் மாட்டோம். ராஜாக்களுக்குக் கல்லும் செம்பும் இருந்துச்சு. நம்ம பெண்களுக்கு இன்னொரு பெண்ணோட வாய்தானே இருந்துச்சு?

கதை கேட்கிறதால வயிறு நிறையுமான்னு எங்க வீட்டுக்காரரே கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்றேன். 2011 டிசம்பர் 30 விடியல்ல தானே புயல் அடிச்சுதே, அன்னைக்கு நடந்ததை ஒரு வாரம் அந்தத் தங்கச்சி சொன்னாங்க. குடிசைக் கூரை பறந்து, கைக்குழந்தையோட மத்தியானம் வரைக்கும் நனைஞ்ச சுவரை ஒட்டி நின்னிருக்காங்க. ஒருத்தரும் வந்து எட்டிப் பார்க்கலையாம். அவங்க அதைச் சொன்னப்போ நாங்க யாரும் பேசலை. அந்த ஒருத்தர்ல நாங்களும்தானே இருந்தோம்.

2024 நவம்பர் கடைசியில பெஞ்சல் புயல் வந்துச்சு. புதுச்சேரியில ஒரே நாள்ல 48 சென்டிமீட்டர் மழை. அது முடியறதுக்குள்ள சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில வெள்ளம், பாகூர் பக்கமெல்லாம் தண்ணி. அன்னைக்கு எங்க குழு யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுதலை. ஆனா யார் வீட்டுக்கு முதல்ல போகணும்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துச்சு. தனியா இருக்கிற பாட்டி யாரு, ஓட்டுவீடு யாரோடது, கைக்குழந்தை எந்த வீட்டுல. கதை கேட்டதால தெரிஞ்சது. அந்தத் தங்கச்சி வீடு இப்போ தளம் போட்ட வீடு. அங்கேதான் மூணு நாள் எல்லாருக்கும் உலை வச்சோம்.

முன்னெல்லாம் யாராவது "என்ன பண்றீங்க?"ன்னு கேட்டா, "வீட்டுல சும்மாதான் இருக்கேன்"னு சொல்வேன். இப்போ அப்படிச் சொல்றதில்லை. எனக்குப் பொறந்த வீடும் புகுந்த வீடும் குடிக்கிற தண்ணி, பயிருக்குப் பாயிற தண்ணி, ரெண்டும் ஊரு ஒதுக்கி வச்ச பெண்கள் குடுத்ததுன்னு கதை சொல்லுது. அவங்களை மாதிரி குளம் வெட்டுற வசதி எனக்கு இல்லை. அடுத்தவ வாசலை இடிக்காம இருக்கவும், அவ சொல்றதை உட்கார்ந்து கேட்கவும் என்னால முடியும். எங்க குழுவுக்கு நான் செய்ய வேண்டிய வேலை அதுதான்னு இப்போ தெரியுது.

உங்க குழுவுலயும் செஞ்சு பாருங்க. செலவு ஒரு நோட்டு, ஒரு பேனா. முதல் வாரம் பெரிய கதை எதுவும் வேண்டாம். "உங்க ஊர்க் குளத்துக்கு என்ன பேரு, அந்தப் பேர் எப்படி வந்துச்சு?"ன்னு வயசுல மூத்தவங்களைக் கேளுங்க. மீதியை அவங்களே சொல்வாங்க.

கடைசியா ஒண்ணு. என் பொண்ணு அந்தக் கட்டுரையை எழுதினப்போ, தாசிங்கிற வார்த்தையை எழுதலாமான்னு பாட்டிகிட்டயே திரும்பக் கேட்டா. மாமியார் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "எழுது. தண்ணி குடிக்கிறோம்ல, பேரைச் சொல்றதுக்கென்ன"ன்னாங்க.